டிராயிங் யாரிடம் இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போர் விமானங்களை வெளிநாட்டிலிருந்து வாங்குவதா, உள்நாட்டிலேயே உருவாக்குவதா என்பது குறித்துத் தங்கள் நாளிதழின் நடுப்பக்கத்தில் தொடர்ந்து கட்டுரைகள் வெளிவருகின்றன. நான் படித்தவரையில், ஒரு தரப்பினர் விமானப் படையின் அவசரத் தேவையைச் சொல்லி உடனே வாங்க வேண்டும் என்கிறார்கள். மறு தரப்பினர் நாட்டின் தன்மானத்தைச் சொல்லி எதையும் வெளியே வாங்கக் கூடாது என்கிறார்கள். நம் நாட்டில் உருவான தேஜஸையும் பிரான்சின் ரஃபேலையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி வேகம், தூரம், சுமை என்று அளந்து பார்ப்பதில் காட்டப்படும் ஆர்வம், ஒரு நாட்டில் ஒரு தொழில் எப்படி வேர்பிடிக்கிறது, எதனால் பட்டுப்போகிறது என்பதை ஆராய்வதில் காட்டப்படவில்லை. திருவொற்றியூரிலும் மணலியிலும் டூல் ரூம்களில், அதாவது ஆலைக்கான அச்சுகளும் கருவிகளும் செய்யும் பிரிவுகளில், வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் அந்தப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். கடிதம் நீண்டுவிட்டதற்குப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

விமானப் படையின் தேவை உண்மையானது என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. அனுமதிக்கப்பட்ட போர் விமானப் படைப்பிரிவுகள் 42. 1963-இல் சேர்க்கப்பட்ட மிக்-21 ரக விமானங்களின் கடைசித் தொகுதிக்கு 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைகொடுத்த பிறகு எஞ்சியிருப்பவை 29. அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஒரே ரக விமானத்தை ஓட்டவைத்துவிட்டு, இன்னும் பொறுத்திருங்கள், நம்முடையது வந்துகொண்டே இருக்கிறது என்று விமானிகளிடம் சொல்லும் உரிமை நம்மில் யாருக்கும் கிடையாது. 2016 செப்டம்பரில் 787 கோடி யூரோவுக்கு, அதாவது அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 59,000 கோடி ரூபாய்க்கு, 36 ரஃபேல் விமானங்களுக்கு ஒப்பந்தம் செய்ததும், கடற்படைக்காக 26 ரஃபேல்களுக்கு 2025 ஏப்ரலில் ஒப்பந்தம் செய்ததும் அந்த நெருக்கடியின் விளைவுகளே. அவற்றைக் குறை சொல்வதற்காக நான் எழுதவில்லை. இவ்வளவு பெரிய தொகையைச் செலவிட்ட பிறகும், அடுத்த நெருக்கடி வரும்போது நாம் இதே இடத்தில் நின்றுகொண்டிருப்போமா என்பதுதான் என் கவலை.

இந்த விவாதத்தில் வாங்குவது, செய்வது என்று இரண்டே வழிகள் இருப்பதாகப் பேசப்படுகிறது. உண்மையில் வழிகள் மூன்று. முடிந்த விமானத்தை விலைக்கு வாங்குவது ஒன்று. பிறர் வடிவமைத்ததை உரிமம் பெற்று நம் ஆலையில் பூட்டிச் செய்வது மற்றொன்று. நாமே வடிவமைத்து, நாமே சோதித்து, தவறினால் நாமே திருத்திச் செய்வது மூன்றாவது. இவற்றில் இரண்டாவதை மூன்றாவதாக நினைத்து நாம் நீண்ட காலமாக ஏமாந்துவருகிறோம். ஆலை இங்கே இருக்கிறது, தொழிலாளர்கள் நம்மவர்கள், எனவே விமானமும் நம்முடையது என்று எண்ணிக்கொள்கிறோம். டிராயிங், அதாவது வடிவமைப்பு வரைபடம், யாரிடம் இருக்கிறது, அதில் ஒரு கோட்டை மாற்ற யாரைக் கேட்க வேண்டும் என்று பார்த்தால்தான் நிலைமை புரியும்.

இதற்கு வடசென்னையிலேயே போதுமான சாட்சியங்கள் உண்டு. 1955 அக்டோபர் 2 அன்று பிரதமர் நேரு திறந்துவைத்த பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை, சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்றின் வடிவமைப்பையும் பயிற்சியையும் கொண்டு தொடங்கப்பட்டது. ரயில்வேயிடமிருந்து ஆண்டு தவறாமல் ஆர்டர் வந்தது. வெல்டர்களும் ஃபிட்டர்களும் தலைமுறை தலைமுறையாகப் பயிற்சி பெற்றார்கள். பெரம்பூரையும் வில்லிவாக்கத்தையும் சுற்றி இதை நம்பியே எத்தனையோ குடும்பங்கள் வாழ்ந்தன. ஆனால் அதே சுவிஸ் வடிவமைப்பின் அடிப்படையில்தான் அங்கே 2018 ஜனவரி வரை பெட்டிகள் செய்யப்பட்டன. இடையில் வேகமும் பாதுகாப்பும் கூடுதலான பெட்டி தேவைப்பட்டபோது, அதை நாம் பெரம்பூரில் வடிவமைக்கவில்லை. ஜெர்மனியின் எல்ஹெச்பி நிறுவனத்திடம் போனோம். நாற்பது ஆண்டுகள் பெட்டி செய்த அனுபவம் புதிய பெட்டியை வடிவமைக்கும் துணிவை நமக்குத் தந்திருக்கவில்லை. பிறகு அதே ஆலையின் பொறியாளர்களுக்குப் பொறுப்பும் பணமும் சுதந்திரமும் கொடுக்கப்பட்டபோது, சுமார் ஒன்றரை ஆண்டில் ‘டிரெயின் 18’ என்ற ரயில் 2018 அக்டோபரில் வெளிவந்தது. இன்று வந்தே பாரத் என்ற பெயரில் ஓடுவது அதன் வழித்தோன்றல்தான். ஆலையும் ஊரும் மாறவில்லை. வடிவமைக்கும் பொறுப்பு உள்ளூர்ப் பொறியாளர்களிடம் வந்தது என்பதுதான் மாற்றம்.

எங்கள் திருவொற்றியூரில் 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு புல்லட்டின் கதையும் இதையே சொல்கிறது. இராணுவத்தின் ஆர்டரை நம்பி, இங்கிலாந்திலிருந்து பாகங்களாக வந்த வண்டியைப் பூட்டத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் பாகங்களையும் இங்கேயே செய்தார்கள். 1970-ஐ ஒட்டி இங்கிலாந்தின் தாய் நிறுவனம் மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூரில் புல்லட் தயாராகிக்கொண்டே இருந்தது. பிறர் வடிவமைத்த பொருளைச் செய்யும் கையும் திறமையும் நம்மிடம் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆயினும் பல பத்தாண்டுகள் அந்த வண்டியின் இன்ஜின் ஏறத்தாழ அப்படியே இருந்தது என்பதையும் மறக்கக் கூடாது. மோட்டார் சைக்கிளில் அது பெரிய இழப்பன்று. பழமைக்கென்றே அதை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். போர் விமானத்தில் பழமைக்கு மதிப்பில்லை.

விமானத் துறையில் உரிமத் தயாரிப்பின் அளவு மிகப் பெரியது. இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம், அதாவது ஹெச்ஏஎல், அறுநூறுக்கும் மேற்பட்ட மிக்-21 விமானங்களைத் தயாரித்தது. பின்னர் ஜாகுவாரையும், 2000-ஆம் ஆண்டின் உரிம ஒப்பந்தத்தின்படி இருநூறுக்கும் மேற்பட்ட சுகோய்-30 விமானங்களையும் செய்து கொடுத்தது. தஞ்சாவூர் விமானத் தளத்தில் 2020 ஜனவரியில் அமைக்கப்பட்ட படைப்பிரிவு பறப்பது அந்தச் சுகோயில்தான். இந்த உழைப்பு வீண் என்று நான் சொல்லவில்லை. சுகோயில் நம்முடைய கணினிகளைப் பொருத்தினோம். பிரம்மோஸ் ஏவுகணையைத் தாங்கும்படி அதன் உடலைப் பலப்படுத்தி 2017 நவம்பரில் வெற்றிகரமாக ஏவினோம். ஆனால் இவ்வளவு விமானங்களைச் செய்து முடித்த ஒரு நிறுவனம், அவற்றில் ஒன்றையாவது அடிப்படையாகக் கொண்டு அடுத்த தலைமுறை விமானத்தைத் தானே வரைந்ததா என்றால், இல்லை. உரிம ஒப்பந்தம் எப்படிச் செய்வது என்று கற்றுத் தருகிறது; ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்பதைக் கற்றுத் தருவதில்லை. ஓர் இறக்கையின் வளைவு ஏன் அந்த அளவில் இருக்கிறது, எந்தெந்த அளவுகளை முயன்று பார்த்துக் கைவிட்டார்கள் என்ற விவரம் டிராயிங்கில் எழுதப்படுவதில்லை. அது வரைந்தவர்களின் தலைக்குள்ளேயே இருந்துவிடுகிறது.

நாமே வரைந்த விமானமும் ஒருகாலத்தில் இருந்தது என்பதை இளைய வாசகர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் புகழ்பெற்ற போர் விமானங்களை வடிவமைத்த கர்ட் டாங்க் 1956-இல் பெங்களூருக்கு வந்து, ஹெச்ஏஎல் பொறியாளர்களோடு சேர்ந்து மாருத் என்ற விமானத்தை உருவாக்கினார். 1961 ஜூன் 17 அன்று சோதனை விமானி சுரஞ்சன் தாஸ் அதை முதன்முறையாகப் பறக்கவிட்டார். ஆசியாவில் அன்று இத்தகைய முயற்சியில் இறங்கிய நாடுகள் மிகச் சில. மாருத்தின் உடல் ஒலியின் வேகத்தைத் தாண்டுவதற்காக வடிவமைக்கப்பட்டது; அதற்கேற்ற இன்ஜின்தான் கிடைக்கவில்லை. பிரிட்டனில் உருவாகிக்கொண்டிருந்த, கூடுதல் உந்துவிசை தரக்கூடிய ஆர்ஃபியஸ் இன்ஜினுக்குப் பிரிட்டன் பணம் ஒதுக்க மறுத்தபோது, அந்தச் செலவை ஏற்க நாமும் முன்வரவில்லை. எகிப்தோடு சேர்ந்து ஓர் இன்ஜினை உருவாக்கும் முயற்சியும் நின்றுபோனது. சக்தி குறைந்த இன்ஜினோடுதான் மாருத் படையில் சேர்ந்தது. அந்த நிலையிலும் 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் உள்ள லோங்கேவாலா பகுதியில் தன் பங்கைச் செய்தது. கூடுதல் உந்துவிசைக்கான ஆஃப்டர்பர்னர் பொருத்திய மாருத்தைச் சோதிக்கும்போது 1970 ஜனவரியில் சுரஞ்சன் தாஸ் உயிரிழந்தார். மொத்தம் 147 விமானங்களோடு மாருத்தின் கணக்கு முடிந்தது. அதைவிடப் பெரிய இழப்பு, அதற்குப் பின் வர வேண்டிய இரண்டாவது விமானம் வராமலேயே போனதுதான். வரைந்து பழகியவர்கள் ஓய்வுபெற்றார்கள், வேறு வேலைகளுக்குப் போனார்கள். 1983-இல், பின்னர் தேஜஸ் என்று பெயர் பெற்ற இலகுரகப் போர் விமானத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்தபோது, கிட்டத்தட்ட முதலிலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது.

தேஜஸ் தாமதமானதற்கு அதை உருவாக்கியவர்களை மட்டும் குற்றம் சாட்டும் வழக்கம் பரவலாக இருக்கிறது. தாமதம் உண்மை, 2015-இல் வெளியான தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை, முதல் ரக தேஜஸில் விமானப் படை கேட்டவற்றில் 53 அம்சங்கள் நிறைவேறாமல் விலக்கு பெறப்பட்டதாகச் சொன்னதும் உண்மை. ஆனால் 1998 பொக்ரான் சோதனைக்குப் பின் அமெரிக்கா தடை விதித்தபோது, விமானத்தின் கட்டுப்பாட்டு அமைப்பை உருவாக்க உதவிக்கொண்டிருந்த அமெரிக்க நிறுவனத்தின் கதவு மூடப்பட்டதையும், அந்த மென்பொருளை நம் பொறியாளர்கள் தாங்களே எழுதி முடித்து 2001 ஜனவரி 4 அன்று விமானத்தைப் பறக்கவிட்டதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். நிலையற்ற வடிவம் கொண்ட விமானத்தைக் கணினி வழியாக நிலைநிறுத்திப் பறக்கவைக்கும் அந்தக் கலையை இனி யாரும் நம்மிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியாது. அன்றிலிருந்து 2024 மார்ச்சில் ஜெய்சல்மேர் அருகே ஒரு விமானம் விழும்வரை தேஜஸ் ஒரு விபத்தையும் சந்திக்கவில்லை. 2025 நவம்பர் 21 அன்று துபாய் கண்காட்சியில் ஒரு விமானியைப் பலிகொண்ட விபத்து நம் எல்லோரையும் உலுக்கியது. அதற்கான காரணத்தை விசாரணைதான் சொல்ல வேண்டும், தொலைக்காட்சி விவாதங்கள் அல்ல.

இனி, ஆர்டர்களின் கணக்கைப் பாருங்கள். 2006-இல் 20 விமானங்கள், 2010-இல் 20 விமானங்கள், அவ்வளவுதான். அடுத்த ஆர்டர், மேம்படுத்தப்பட்ட ரகமான தேஜஸ் மார்க் 1ஏ விமானங்கள் 83-க்காக, 2021 பிப்ரவரியில்தான் வந்தது. பதினைந்து ஆண்டுகளுக்கு நாற்பதே விமானங்கள் என்று சொன்னால், எந்தச் சிறுதொழில் முதலாளி அந்த வேலைக்காக கணினி வழியாக இயங்கும் ஐந்து அச்சு சிஎன்சி இயந்திரம் வாங்குவார்? விமான உதிரிப் பாகம் செய்ய வேண்டுமானால் ஏஎஸ்9100 தரச் சான்று வேண்டும். உலோகம் எந்த உருக்காலையில், எந்த வார்ப்பில் வந்தது என்பதற்குத் தாள் வேண்டும். அளவு சரிபார்க்கும் இயந்திரத்தைக் குளிரூட்டிய அறையில் வைக்க வேண்டும். முதல் துண்டைச் செய்து ஒப்புதல் வாங்குவதற்குள் மாதங்கள் கழிந்துவிடும். இவ்வளவையும் வங்கிக் கடனில் செய்துவிட்டு, அடுத்த ஆர்டர் எப்போது வரும் என்று தெரியாமல் வட்டி கட்டிக்கொண்டிருப்பவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய பட்டறைகளிலும் மைக்ரான் கணக்கில் வேலை செய்யத் தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. 2019-இல் வாகன விற்பனை சரிந்தபோது அவர்களில் பலர் லேத்தை நிறுத்திவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு விமான வேலை தெரியாது என்பதல்ல. விமான வேலை நிலையாக வரும் என்று நம்ப அவர்களுக்குக் காரணம் இல்லை.

2018 மத்திய பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி என்று ஐந்து மையங்கள் இருக்கின்றன. நல்ல திட்டம். தேஜஸின் இறக்கைகள் இப்போது கோவையில் செய்யப்படுகின்றன. தேஜஸ் பறக்கும் சூலூர் தளத்துக்கு அருகிலேயே அதன் இறக்கை தயாராவது பெருமைக்குரியது. ஆனால் வழித்தடம் என்றாலே பெரிய நிறுவனங்களின் புரிந்துணர்வு ஒப்பந்தங்களும் அவற்றின் தொகையும்தான் செய்தியாகின்றன. சிறு நிறுவனங்களுக்கு 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் சட்டமே சொல்கிறது. அது எத்தனை இடங்களில் நடக்கிறது என்று யாராவது எழுதினால் நன்றாக இருக்கும். வடசென்னைக்குத் தொழில் வளர்ச்சியில் கிடைத்த பங்கு அனல்மின் நிலையச் சாம்பலும் எண்ணெய்க் கசிவும்தான் என்று எங்கள் பகுதி மக்கள் சொல்வதுண்டு. துல்லிய வேலை தெரிந்த இந்தப் பகுதிக்கு விமானத் தொழிலில் ஒரு பங்கு கேட்பது பேராசையாகாது.

இந்தக் கடிதத்தில் நான் முதன்மையாகச் சொல்ல வந்தது இன்ஜினைப் பற்றி. மாருத்தை முடக்கியது இன்ஜின். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் செய்யப்படும் அர்ஜுன் டாங்கிக்கு 2021 செப்டம்பரில் 118 டாங்கிகள் கொண்ட ஆர்டர் கொடுத்தும் வேலை தடைபட்டதற்குக் காரணம், ஜெர்மனியிலிருந்து வர வேண்டிய இன்ஜின். தேஜஸ் மார்க் 1ஏ குறித்த காலத்தில் விமானப் படையின் கைக்கு வராததற்கு வேறு காரணங்களும் உண்டென்றாலும், முதல் காரணம் அமெரிக்காவின் ஜிஇ நிறுவனத்திடமிருந்து வர வேண்டிய எஃப்404 இன்ஜின். 2021 ஆகஸ்டில் 99 இன்ஜின்களுக்கு ஒப்பந்தம் செய்தோம். நிறுத்திவைத்திருந்த தயாரிப்பு வரிசையை அந்த நிறுவனம் மீண்டும் தொடங்கி முதல் இன்ஜினை அனுப்பியது 2025 மார்ச்சில்தான். விமானத்தின் உடலை நாமே வடிவமைத்தோம், ரேடாரை நாமே செய்யப் போகிறோம், ஏவுகணை நம்முடையது. ஆனால் அது எந்த மாதத்தில் பறக்கும் என்று தீர்மானித்தது வேறொரு நாட்டில் உள்ள ஓர் ஆலையின் கால அட்டவணை. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே என்று நம் பெண்கள் சொல்வார்கள். நாம் சேலையையும் வாங்கவில்லை, கந்தையையும் சரியாகத் தைக்கவில்லை.

அப்படிப்பட்ட இன்ஜினை நாமே செய்வதில் என்ன சிரமம் என்று கேட்பவர்களுக்குப் பட்டறை அனுபவத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். ஜெட் இன்ஜினின் டர்பைன் இதழ்கள், தாங்கள் செய்யப்பட்ட உலோகத்தின் உருகுநிலையைவிட அதிகச் சூடான வாயுவுக்குள், நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கும் மேலான வேகத்தில் சுழல்கின்றன. உருகாமல் இருப்பதற்காக இதழுக்குள்ளேயே நூல் போன்ற பாதைகளை அமைத்துக் காற்றைச் செலுத்துகிறார்கள். மேலே பீங்கான் பூச்சு பூசுகிறார்கள். உலோகத்தின் படிகங்களுக்கு இடையே விரிசல் விழாமல் இருக்க, இதழ் முழுவதையும் ஒரே படிகமாக வார்க்கிறார்கள். எந்த வெப்பத்தில், எந்த வேகத்தில் அச்சைச் சூளையிலிருந்து இறக்க வேண்டும் என்பது போன்ற விவரங்களைத்தான் எந்த நாடும் எந்த விலைக்கும் தருவதில்லை. நூற்றுக்கணக்கான வார்ப்புகளைப் பாழாக்கித்தான் அதைக் கற்றுக்கொள்ள முடியும். நம் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் ஹைதராபாத் ஆய்வகம் ஒன்று, ஹெலிகாப்டர் இன்ஜினுக்கான ஒற்றைப் படிக இதழ்களைச் செய்து 2021-இல் ஹெச்ஏஎல் நிறுவனத்திடம் கொடுத்தது. எனவே நமக்கு வராத வித்தை என்று இல்லை.

தேஜஸுக்காக நாமே உருவாக்க முனைந்த காவேரி இன்ஜினின் கதையை எல்லோரும் தோல்விக் கதையாகவே சொல்கிறார்கள். 1980-களின் இறுதியில் அதற்கு ஒப்புதல் தரப்பட்டது. எதிர்பார்த்த உந்துவிசை கிடைக்கவில்லை, எடையும் கூடிவிட்டது. 2008-இல் தேஜஸ் திட்டத்திலிருந்து காவேரி பிரிக்கப்பட்டது. உயரத்தில் இன்ஜின் எப்படி நடந்துகொள்கிறது என்று சோதிக்க நம்மிடம் வசதி இல்லாததால், அதை ரஷ்யாவுக்கு அனுப்பி, பெரிய விமானம் ஒன்றின் இறக்கையில் மாட்டிச் சோதிக்க வேண்டியிருந்தது. இந்த மொத்த முயற்சிக்கும் மூன்று பத்தாண்டுகளில் நாம் செலவிட்டது சுமார் 2,000 கோடி ரூபாய். இந்தத் தொகையை வேறு இரண்டு தொகைகளின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வாசகர்களை வேண்டுகிறேன். மேலே சொன்ன 99 அமெரிக்க இன்ஜின்களின் விலை 5,375 கோடி ரூபாய். சுகோய் விமானங்களுக்காக, ரஷ்ய வடிவமைப்பில், ஒடிசாவின் கோராபுட் ஆலையில் 240 இன்ஜின்கள் செய்ய 2024 செப்டம்பரில் போடப்பட்ட ஒப்பந்தத்தின் மதிப்பு 26,000 கோடி ரூபாய்க்கு மேல். ஒரு போர் விமானத்தின் ஆயுளில் இன்ஜின் ஒருமுறைக்கு மேல் மாற்றப்படும் என்பதால், இந்த வகைச் செலவு விமானம் பறக்கும் காலமெல்லாம் தொடரும். அப்படியிருக்க, சொந்த இன்ஜினுக்கு இவ்வளவு சிறிய தொகையை மூன்று பத்தாண்டுகளில் தவணை தவணையாகக் கொடுத்துவிட்டு, வரவில்லையே என்று அங்கலாய்ப்பதில் நியாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சீனா ரஷ்யாவின் சுகோயையும் அதன் இன்ஜினையும் வாங்கிக்கொண்டே, தன் டபிள்யூஎஸ்-10 இன்ஜினைப் பல தோல்விகளுக்குப் பிறகும் விடாமல் திருத்திக்கொண்டிருந்தது. இன்று அதன் முன்னணிப் போர் விமானங்கள் அந்த இன்ஜினில் பறக்கின்றன. வாங்குவதும் செய்வதும் எதிரெதிரானவை அல்ல என்பதை நமக்குப் பிடிக்காத அண்டை நாடு காட்டியிருக்கிறது.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது வலுவானதும்கூட. சுவீடனின் கிரிபென் விமானம் அமெரிக்க இன்ஜினிலிருந்து பிறந்த இன்ஜினில்தான் பறக்கிறது. 2022 ஜூலையில் முதன்முறை பறந்த தென்கொரியாவின் கேஎஃப்-21 விமானத்திலும் இருப்பது ஜிஇ நிறுவனத்தின் எஃப்414. அவர்களுக்கே இல்லாத சொந்த இன்ஜின் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். தென்கொரியா அமெரிக்காவின் ஒப்பந்தக் கூட்டாளி. சுவீடனும் மேலைநாட்டு அணியைச் சேர்ந்ததே. நாமோ ஒரு கையில் ரஷ்யாவையும் மறு கையில் அமெரிக்காவையும் பிரான்சையும் பிடித்துக்கொண்டு நடக்கும் நாடு. 1998-இல் தடையை அனுபவித்த நாடு. அந்த நடையை நாம் விரும்பியே தேர்ந்துகொண்டோம், அது சரியான தேர்வும்கூட. அப்படி நடக்கிறவர்களுக்கு இன்ஜின் கடனில் கிடைக்கலாம். எந்த நிபந்தனையும் இல்லாமல் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

எனவே அரசிடம் எதிர்பார்ப்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். 114 வெளிநாட்டுப் போர் விமானங்களை வாங்கும் பேச்சு பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. இதற்கு முன் 126 விமானங்களுக்காக 2007-இல் தொடங்கி, 2012-இல் ரஃபேலைத் தேர்ந்தெடுத்து, ஹெச்ஏஎல் செய்யும் விமானங்களுக்கு யார் பொறுப்பேற்பது என்ற கேள்வியிலும் விலையிலும் சிக்கி 2015-இல் கைவிடப்பட்ட திட்டத்தின் அனுபவம் நமக்கு உண்டு. புதிய ஒப்பந்தத்தில் இந்தியாவிலேயே தயாரிப்பு என்ற வாசகம் கட்டாயம் இடம்பெறும். அதைப் பார்த்தவுடன் நிறைவு கொள்ளாமல், நம் ஏவுகணையை அதில் பொருத்த மென்பொருளைத் திருத்தும் உரிமை நமக்கு உண்டா, பழுதான பாகத்தை மாற்றி வடிவமைக்கும் உரிமை உண்டா என்று கேட்க வேண்டும். அந்த உரிமை இல்லையென்றால், இங்கே பூட்டுவதற்காகக் கூடுதல் விலை கொடுக்காமல், குறைந்த எண்ணிக்கையில் முடிந்த விமானங்களாகவே வாங்கிக்கொண்டு, மிச்சப்படும் பணத்தை இன்ஜினில் போடுவது மேல் என்பது என் கருத்து. பூட்டும் வேலை எத்தனை பேருக்கு வேலைவாய்ப்பு தரும் என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஆலைத் தொழிலாளியாகவே வாழ்ந்த நான் அதை எளிதாகச் சொல்லவில்லை.

ஜிஇ நிறுவனத்தின் எஃப்414 இன்ஜினை இந்தியாவில் செய்ய 2023 ஜூனில் உடன்பாடு அறிவிக்கப்பட்டபோது, 80 சதவீதத் தொழில்நுட்பம் தரப்படும் என்று செய்திகள் வந்தன. எஞ்சிய 20 சதவீதத்தில் சூடான பகுதியின் வார்ப்பும் பூச்சும் அடங்கிவிட்டால், 80 என்ற எண்ணுக்கு மதிப்பு குறைவு. ஐந்தாம் தலைமுறை விமானமான ஆம்காவுக்கு பிரான்சின் சாஃப்ரான் நிறுவனத்தோடு சேர்ந்து இன்ஜின் உருவாக்கப்போவதாகப் பாதுகாப்புத் துறை அமைச்சர் 2025 ஆகஸ்டில் அறிவித்தார். அந்த ஒப்பந்தத்திலும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்: சோதனையில் இதழ் ஒன்று உடைந்தால், அது ஏன் உடைந்தது என்று ஆராயும் அறையில் நம் பொறியாளர் இருப்பாரா, வெளியே நிறுத்தப்படுவாரா? அதோடு, உயரச் சோதனைக்கான கூடம் ஒன்றை நாட்டுக்குள் கட்டி முடிக்காமல் எந்தப் புதிய இன்ஜின் திட்டத்தையும் தொடங்குவது காவேரியின் கதையை மீண்டும் எழுதுவதாகவே முடியும்.

தேஜஸுக்கு 2025 செப்டம்பரில் கூடுதலாக 97 விமானங்களுக்கான ஆர்டர் கொடுக்கப்பட்டிருப்பதும், நாசிக்கில் மூன்றாவது தயாரிப்பு வரிசை தொடங்கப்பட்டிருப்பதும் வரவேற்கத்தக்கவை. முதல்முறையாக ஒரு சிறுதொழில் முதலாளி பத்தாண்டுகளுக்குக் கணக்குப் போட முடிகிற அளவுக்கு எண்ணிக்கை வந்திருக்கிறது. இந்த வரிசை முடிவதற்குள் அடுத்த ரகத்தின் ஆர்டர் வந்துசேர வேண்டும். நடுவில் இடைவெளி விட்டால், மாருத்துக்குப் பின் நடந்ததுதான் நடக்கும்.

தங்கள் நிருபர்களிடம் ஒரு வேண்டுகோள். எந்த நாட்டிடமிருந்து எத்தனை விமானங்கள், எத்தனை கோடி என்ற செய்தியைத் தாங்கள் முதல் பக்கத்தில் வெளியிடுகிறீர்கள். அதே இடத்தில், பாதுகாப்பு வழித்தடத்தின் சென்னை மையத்தில் விமானப் பாகங்களுக்கான ஆர்டர் பெற்ற சிறு நிறுவனங்கள் எத்தனை, அவற்றுக்குப் பணம் 45 நாட்களில் வந்ததா, இன்ஜின் சோதனைக் கூடத்தின் பணி எந்த நிலையில் இருக்கிறது என்பவற்றையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது விசாரித்து வெளியிட வேண்டுகிறேன். எங்கள் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் இவற்றைக் கேள்விகளாக எழுதிக் கொடுக்கவிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டூல் ரூம் பணியாளர்,
திருவொற்றியூர், சென்னை – 19.